உஷார்! டெல்லியில் ரூம் போடப் போறீங்களா?

"அத்தான், ரூம் போட்டாச்சு. ஆயிரத்து இருநூறு ரூபாய்தான். கனாட் பிளேஸ் பக்கத்துலயாம். போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

அரைப்பரீட்சை லீவுக்கு டெல்லி கிளம்பிய மச்சினன் திருநெல்வேலியில் இருந்து இப்படிப் பேசியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குப்பை கொட்டியவன் நான். போட்டோவைப் பார்த்தேன். வெள்ளை விரிப்பு, அதன்மேல் துண்டை மடித்துச் செய்த அன்னப்பறவை, சுவரில் டிவி. "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றேன். எந்தத் தெரு, எந்த ஸ்டேஷனில் இறங்குகிறாய், எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய என் அத்தை. ஐந்து பேரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் கிளம்பினார்கள். டிசம்பர் மாதம். ஆக்ராவைத் தாண்டியதும் பனிமூட்டம். வண்டி நின்று நின்று ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்றே முக்கால். இறங்கிய இடம் ஹஸ்ரத் நிஜாமுதீன். ரூம் போட்டிருந்த இடமோ ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, புதுடெல்லி ஸ்டேஷனை ஒட்டிய பஹார்கஞ்ச். டெல்லி என்றால் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் இருக்கும் என்று அவன் நினைத்துவிட்டான். மெட்ரோ எப்போதோ மூடியாயிற்று. குளிரில் அத்தைக்குப் பல் கிடுகிடுக்கிறது. சின்னவன் தூக்கத்தில் அழுகிறான்.

அப்போதுதான் ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. தமிழில் "வாங்க அண்ணா" என்று வேறு சொன்னாராம். நாலு தமிழ் வார்த்தை கற்றுவைத்திருப்பது அங்கே தொழில் மூலதனம்.

அடுத்து நடந்ததை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். டெல்லியில் வருஷக்கணக்காக, நாள் தவறாமல் அரங்கேறும் நாடகம் இது. வசனம்கூட மாறுவதில்லை.

வந்தவர் ஹோட்டல் பெயரைக் கேட்டார். மச்சினன் போனில் இருந்த புக்கிங்கைக் காட்டினான். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அந்தத் தெருவிலா? அங்கே போலீஸ் ராஸ்தா பந்த் பண்ணியிருக்கே, ஏதோ கலாட்டா. ஹோட்டல் திறந்திருக்கான்னே தெரியலை. இருங்க, கேட்டுச் சொல்றேன்." இவன் கையில் இருந்த போனைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாகத் தன் போனில் அழுத்தினார், அல்லது அழுத்துவது போலக் காட்டினார். ரிங் போயிற்று. எடுத்த ஆள் ஹோட்டல் பெயரைச் சொல்லி, "ரிசப்ஷன்" என்றான். போன் மச்சினன் கைக்கு வந்தது. மறுமுனையில் மிகவும் பணிவான ஆங்கிலம். "சாரி சார், தண்ணீர் பைப் உடைந்துவிட்டது. உங்கள் புக்கிங் கேன்சல். பணம் திரும்பி வரும்."

அந்தக் குரல் ஹோட்டலில் இருந்து வரவில்லை. இருபது அடி தள்ளி, டீக்கடைக்குப் பின்னாலோ ஆட்டோவுக்குள்ளேயோ உட்கார்ந்திருந்த கூட்டாளியின் குரல் அது.

அதற்குமேல் என்ன, ஆட்டோ கரோல் பாக் பக்கம் திரும்பியது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் ரூம், இரண்டு நாள் வாடகை முன்பணம். ஜன்னல் என்று திரை போட்டிருந்ததை விலக்கினால் சுவர். அந்த வாடகையில் ஆட்டோக்காரருக்கும் அடையாள அட்டைக்காரருக்கும் கமிஷன் உண்டு என்பதைச் சொல்லவே வேண்டாம். மறுநாள் காலை நான் அந்தப் பழைய ஹோட்டலுக்குப் போன் போட்டேன். "ராத்திரி மூணு மணி வரைக்கும் பார்த்தோம் சார், உங்க ஆளுங்க வரவே இல்லை" என்றார்கள். பைப்பும் உடையவில்லை, தெருவும் அடைக்கவில்லை. வராதவர் கணக்கில் எழுதி, கட்டிய பணமும் போயிற்று.

ஆகவே முதல் உஷார்: ஹோட்டல் மூடிவிட்டது, எரிந்துவிட்டது, தெருவை அடைத்துவிட்டார்கள், கலவரம், திருவிழா, தேர்தல்... யார் எதைச் சொன்னாலும் சரி, ஹோட்டலுக்கு உங்கள் போனில் இருந்து நீங்களே பேசுங்கள். அடுத்தவர் போட்டுக் கொடுக்கும் போனில் பேசாதீர்கள். உங்கள் புக்கிங் காகிதத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள். "நஹி சாஹியே" (வேண்டாம்) என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். நம் ஊர்க்காரர்களிடம் உள்ள ஒரு நல்ல குணம், ஒருவர் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக் கூச்சப்படுவது. அந்தக் கூச்சத்தில்தான் அங்கே பல பேர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஆனால் நன்றாக யோசித்தால், அந்த ஆள் வருவதற்கு முன்பே தப்பு நடந்துவிட்டது. ஒன்றே முக்கால் மணிக்கு, வேறு ஒருவர் தயவு இல்லாமல் போய்ச் சேர முடியாத ஏரியாவில் ரூம் போட்டதுதான் அந்தத் தப்பு. மெத்தையையும் அன்னப்பறவையையும் பார்த்தோம், ஏரியாவைப் பார்க்கவில்லை.

டெல்லி டிக்கெட் கையில் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். எந்த ஸ்டேஷன்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லிக்குப் போகிறது. திருக்குறள், மதுரை சம்பர்க் கிராந்தி, சென்னை ராஜ்தானி, துரந்தோ எல்லாம் நிஜாமுதீனுக்குப் போகின்றன. ரயில்வே எழுத்தில் முன்னது என்.டி.எல்.எஸ்., பின்னது என்.இசட்.எம். பழைய டெல்லி ஸ்டேஷன் தனி, ஆனந்த் விஹார் தனி, சராய் ரோஹில்லா தனி. "டெல்லி ஸ்டேஷன் பக்கத்தில்" என்று ஒரு ஹோட்டல் விளம்பரம் சொன்னால் எந்தப் பக்கத்து டெல்லி என்று கேட்க வேண்டும். விமானத்திலும் இதே கதைதான். மூன்றாவது டெர்மினலில் இறங்கினால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ, இருபது நிமிஷ வாக்கில் புதுடெல்லி ஸ்டேஷன். முதல் டெர்மினலில் இறங்கினால் மெஜந்தா லைன், அது போகிற திசையே வேறு.

புதுடெல்லி ஸ்டேஷனுக்கு உள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. 16 பிளாட்பாரம். ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம் வெளியே வந்தால் பஹார்கஞ்ச். பதினாறாம் பக்கம் வந்தால் அஜ்மேரி கேட். மெட்ரோவும் ஏர்போர்ட் லைனும் அந்தப் பக்கம்தான். தப்பான பக்கம் இறங்கிவிட்டால், பெட்டி படுக்கையோடு நடை மேம்பாலம் ஏறித்தான் திரும்ப வேண்டும். ஏறச் சோம்பல்பட்டு நிற்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

இப்போது பஹார்கஞ்ச். இதை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அங்கே தங்கி, மெயின் பஜாரில் சோளே பட்டூரே தின்று வளர்ந்தவன்தான். தனி ஆளாக, முதுகுப்பையோடு, பகலில் போய் இறங்குகிற இளவட்டத்துக்கு அது லாயக்கான இடம். ஸ்டேஷன் பக்கம், வாடகை மலிவு, ராமகிருஷ்ண ஆசிரம மார்க் மெட்ரோ நடை தூரம். குடும்பத்தோடு போகிறவர்களுக்குத்தான் சிக்கல், அதுவும் சந்துகளில் இருக்கிறது. மெயின் பஜாரில் இருந்து ஒரு சந்து பிரியும். அதில் இருந்து இன்னொரு சந்து. தலைக்கு மேலே கரண்ட் ஒயர்கள் ஜடை பின்னிக் கிடக்கும். எதிரே ஒரு மாடு வந்தால் நீங்கள் சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும். கார் வராது, ஆட்டோவே திணறும். இரண்டு டிராலி பெட்டியை இழுத்துக்கொண்டு, முட்டிவலிக்காரப் பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் அந்தச் சந்துக்குள் முந்நூறு மீட்டர் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் மேப்பில் அது "ஸ்டேஷனில் இருந்து நாலு நிமிஷம்" என்றுதான் காட்டும். புக்கிங் ஆப்பிலோ "கனாட் பிளேஸ் அருகில்" என்று இருக்கும். இரண்டும் பொய் இல்லை. பக்கத்தில் அராகஷான் ரோடு என்று ஒன்று உண்டு. வண்டி வாசல் வரை வரும், ஹோட்டல்களும் கொஞ்சம் பரவாயில்லை. ஸ்டேஷன் பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அங்கே பார்க்கலாம்.

கரோல் பாக் நம்மவர்களுக்குக் காதில் விழுந்த பெயர். ஒரு தலைமுறைத் தமிழர்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். பக்கத்துப் பூசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. அஜ்மல் கான் ரோட்டில் பெண்கள் துணி எடுக்கப் புகுந்தால் பொழுது போவது தெரியாது, திங்கட்கிழமை மட்டும் தவிர. புளூ லைன் மெட்ரோ இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அங்கே ஹோட்டல்களில் நிறைய, வீடாகக் கட்டியதை மாடி மேல் மாடி ஏற்றி ஹோட்டலாக மாற்றியவை. 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் கரோல் பாக் ஹோட்டல் ஒன்றில் தீப்பிடித்து 17 பேர் செத்துப்போனார்கள். உயிர் பிழைக்க மாடியில் இருந்து குதித்தவர்களும் உண்டு. நடைவழியில் பதித்திருந்த மரப்பலகை வழியாகத் தீ பரவியதாக அப்போது செய்திகள் வந்தன. அதனால் கரோல் பாக்கே ஆகாது என்று சொல்லமாட்டேன். ரூமுக்குள் பெட்டியை வைத்த கையோடு, மாடிப்படி எங்கே இருக்கிறது, அது கீழே வெளியே போய்ச் சேர்கிறதா, நடுவில் பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள். பூட்டியிருந்தால் சத்தம் போடுங்கள், இல்லையேல் பெட்டியைத் திரும்பத் தூக்குங்கள். லிப்டும் அதைச் சுற்றி ஒரே ஒரு குறுகல் படியும் மட்டும் இருந்தால், நான் என் பிள்ளைகளை அங்கே படுக்கவைக்க மாட்டேன்.

"லோயர் கிரவுண்ட் புளோர்" என்று ஹோட்டல்களில் ஒரு நாகரிகமான வார்த்தை இருக்கிறது. தமிழில் சொன்னால் பாதாள அறை. கரோல் பாக்குக்கு அடுத்தாற்போல் உள்ள பழைய ராஜிந்தர் நகரில், 2024 ஜூலை 27-ம் தேதி பெய்த மழையில் பயிற்சி நிலையம் ஒன்றின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் டெல்லிக்குப் போய் தரைமட்டத்துக்குக் கீழே ரூம் எடுப்பவர்களை என்ன சொல்ல?

மகிபால்பூர் இன்னொரு வலை. இதில் விழுகிறவர்கள் ரயிலில் வருபவர்கள் அல்ல, விமானத்தில் வருபவர்கள்; படித்தவர்கள்; என்னைப் போல எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள். ஏர்போர்ட்டை ஒட்டி ஏரோசிட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரிய பெரிய நட்சத்திர ஹோட்டல்கள், அகலமான சாலை, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைனில் தனி மெட்ரோ ஸ்டேஷன். அங்கே ஒரு ராத்திரி வாடகை நம் ஊர் நடுத்தரக் குடும்பத்தின் பத்து நாள் சாப்பாட்டுச் செலவைத் தின்றுவிடும். அதற்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரமாக மகிபால்பூர். வரிசையாக நியான் விளக்குப் போட்ட ஹோட்டல்கள். அதில் பலதும் தங்கள் பெயரிலோ விலாசத்திலோ "ஏரோசிட்டி" என்று ஒட்டவைத்திருக்கும். விலை மட்டும் பாதிக்கும் பாதி. ஆகா, ஏரோசிட்டியில் இவ்வளவு மலிவா என்று வாயைப் பிளந்து புக் பண்ணுவோம். போய்ப் பார்த்தால் வாசலில் லாரி. ரோட்டைக் கடந்து ஒரு டீ குடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். விடிகாலை விமானத்தைப் பிடிக்க ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க அது போதும். அங்கே மூன்று நாள் தங்கி செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் பார்க்கிறேன் என்று கிளம்பினால், ஊரைப் பார்த்த நேரத்தைவிட டாக்ஸிக்குள் உட்கார்ந்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

சாந்தினி சௌக் ரசிகர்களுக்கு ஒரு வரி. செங்கோட்டையில் இருந்து ஃபதேபூரி மசூதி வரையிலான அந்தச் சாலையில் காலை 9 மணி முதல் ராத்திரி 9 மணி வரை மோட்டார் வண்டி போகக் கூடாது. 2021-ல் சாலையைப் புதுப்பித்ததில் இருந்து இதுதான் விதி. பெட்டியோடு போகிறவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா இருக்கிறது, கால்கள் இருக்கின்றன. பரோட்டாவுக்காக ஒரு மத்தியானம் போங்கள், ரூம் போட வேண்டாம்.

நொய்டா, குருகிராம், காஜியாபாத் எல்லாம் டெல்லியே அல்ல. இரண்டு உத்தரப்பிரதேசம், ஒன்று ஹரியானா. "டெல்லி என்.சி.ஆர்." என்று எழுதியிருந்தால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் மேப்பைத் திறங்கள்.

சரி, எங்கேதான் தங்குவது என்று கேட்பீர்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் கனாட் பிளேஸ், ஜன்பத் பகுதி. ராஜீவ் சௌக்கில் புளூவும் யெல்லோவும் சந்திக்கின்றன, ஊரின் எந்த மூலைக்கும் போகலாம், இட்லி சாம்பாருக்கும் பஞ்சமில்லை. ஒன்றே ஒன்று: அங்கே "டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்", "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்று போர்டு மாட்டிய கடைகளில் நுழைந்துவிடாதீர்கள். உங்களை மூவர்ணக் கொடி படம் போட்ட மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, காஷ்மீருக்கே பேக்கேஜ் கட்டி அனுப்பிவிடுவார்கள். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் இருப்பது 88, ஜன்பத். "அது இடம் மாறிவிட்டது, இதுதான் அது" என்று வழியில் யாராவது சொன்னால், மேலே சொன்ன, டீக்கடைக்குப் பின்னால் இருந்து வந்த குரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு தெற்கு டெல்லிக்கு. கிரீன் பார்க், ஹவுஸ் காஸ், லாஜ்பத் நகர், கைலாஷ் காலனி மாதிரி குடியிருப்புப் பகுதிகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. வாடகை பஹார்கஞ்சைவிடக் கூடத்தான். அந்தக் கூடுதல் பணத்துக்கு மரம், பூங்கா, காலையில் பால் வாங்கப் போகும் மனிதர்கள், சாயங்காலம் பயமில்லாமல் நடக்க ஒரு தெரு எல்லாம் சேர்த்துக் கிடைக்கும். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிப்போகிறவர்கள் கிரீன் பார்க், யூசுப் சராய் பக்கம்தான் பார்க்க வேண்டும். நோயாளியை வைத்துக்கொண்டு ஊருக்குக் குறுக்கே தினமும் டாக்ஸியில் போவது பணத்தையும் உடம்பையும் உருக்கிவிடும். நிஜாமுதீனில் இறங்குகிறவர்களுக்கு ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர் பக்கம். லாஜ்பத் நகர் போக ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பிங்க் லைன் மெட்ரோ இருக்கிறது. மச்சினன் அங்கே ரூம் போட்டிருந்தால், அந்த ராத்திரி ஒன்றே முக்காலுக்குக்கூடப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் படுக்கையில் விழுந்திருப்பார்கள்.

தெற்கு டெல்லியிலும் ஒரு கண்ணி இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கேட். டெல்லியில் காலனிகளைச் சுற்றி இரும்புக் கேட்டுகள். பகலில் எல்லாம் திறந்திருக்கும். ராத்திரி பத்து, பதினொன்று ஆனதும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிவிடுவார்கள். வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு கேட்தான் திறந்திருக்கும். உங்கள் மேப்புக்கு இதெல்லாம் தெரியாது. அது பூட்டிய கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். கம்பிக்கு அந்தப் பக்கம் நூறடியில் உங்கள் கெஸ்ட் ஹவுஸ் போர்டு வெளிச்சமாகத் தெரியும். நீங்கள் இந்தப் பக்கம். டாக்ஸிக்காரர் இறங்கிக்கொள்ளச் சொல்லி அவசரப்படுத்துவார். இறங்கிவிடாதீர்கள். ராத்திரி எந்தக் கேட் திறந்திருக்கும் என்று புக் பண்ணும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் ஹோட்டலில் என்ன கேட்கிறோம்? ஏசி இருக்கா, வைஃபை இருக்கா, காலைச் சாப்பாடு உண்டா. இதில் ஏசிக்கே ஒரு கோளாறு. "ஏர் கூல்டு" என்று போட்டிருந்தால் அது ஏசி இல்லை. வைக்கோலில் தண்ணீர் சொட்டவிட்டுக் காற்றடிக்கும் கூலர். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் அதைப் போட்டால் ரூம் இட்லிச் சட்டி ஆகிவிடும். இதை விடுங்கள். கேட்க வேண்டியது வேறு. கார் வாசல் வரை வருமா? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்குமா? எந்த மெட்ரோ ஸ்டேஷன், எத்தனாவது கேட் வழியாக வெளியே வர வேண்டும்? ஆப்பில் உள்ள நம்பரில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் சொல்கிறவர் தடுமாறுகிறாரா, சலிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிவ்யூ படிப்பவர்கள் ஐந்து நட்சத்திரத்தைப் படிக்காதீர்கள். "நைஸ் ஸ்டே, குட் ஸ்டாஃப்" என்பதில் என்ன இருக்கிறது? கடைசி மூன்று மாதத்தில் ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன புலம்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூட்டைப்பூச்சி, ஜன்னல் இல்லை, போட்டோவில் இருப்பது வேறு கட்டடம், வந்த பிறகு கூடுதல் பணம் கேட்டார்கள். ஒரே புலம்பலை நாலு பேர் சொல்லியிருந்தால் அது உண்மை. தனியாகப் போன பெண்கள் எழுதியிருந்தால் அதை இரண்டு தடவை படியுங்கள். அந்தத் தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ன நடக்கும் என்பது அவர்கள் எழுத்தில்தான் இருக்கும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மலேசியா, இலங்கை, கனடாவில் இருந்து வரும் நம்மவர்கள், முகமும் பேச்சும் நம் ஊர்தானே என்று அவர்கள் பெயரில் மலிவு லாட்ஜில் ரூம் போட்டுக்கொடுத்துவிடுகிறோம். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். சின்ன ஹோட்டல்கள் பல அந்த வம்பே வேண்டாம் என்று, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிடும். கட்டிய பணத்தோடு, பெட்டியோடு, வாசலில் நிற்க வேண்டியதுதான். "ஃபாரின் பாஸ்போர்ட் எடுத்துக்குவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, நேரம். டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகும் ரயில் பனியில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை ஆண்டவன்கூடச் சொல்ல முடியாது. பகல் வண்டி என்று நம்பி நீங்கள் போட்ட ரூமுக்கு நள்ளிரவில் போய்ச் சேரலாம். அந்த மாதங்களில் முதல் ராத்திரி மட்டுமாவது இறங்கும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வண்டி வாசலுக்கு வரும் இடத்தில் போடுங்கள். மறுநாள் எங்கே வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். நடு ராத்திரியில் இறங்கினால், அவசரப்பட்டு வெளியே வராமல் வெயிட்டிங் ரூமில் விடியும் வரை உட்கார்ந்திருப்பதும் கௌரவக் குறைச்சல் இல்லை. அதிகாலையில் போய்ச் சேருகிறவர்களுக்கு வேறு தலைவலி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுபோய் விட்டுவிடும், ஹோட்டலில் செக்-இன் பன்னிரண்டு மணிக்கு. அந்த ஐந்து மணி நேரத்துக்கு அரை நாள் வாடகை கேட்பார்களா, பெட்டியை வைத்துக் குளிக்கவாவது விடுவார்களா என்று பேசிவைக்காவிட்டால், ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ப்ரீபெய்டு ஆட்டோ கவுண்டரில் சீட்டு வாங்கினால், போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சீட்டை டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். முதலிலேயே கொடுத்துவிட்டால் நடுவழியில் இறக்கிவிட்டுப் போனாலும் கேட்க நாதியில்லை.

மிரட்டினால், வழிமறித்தால் 112. ரயில்வே வளாகத்துக்குள் என்றால் 139. சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363. இந்த மூன்றையும் போனில் சேமித்து வையுங்கள். பேட்டரி செத்துப்போகும் என்பதால், ஒரு துண்டுக் காகிதத்தில் ஹோட்டல் நம்பரோடு எழுதி சட்டைப் பையிலும் வையுங்கள்.

அத்தை ஊர் திரும்பியதும் என்னைப் பார்த்து, "தாஜ்மகாலைப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரூம்ல ஜன்னலே இல்ல மாப்பிள்ளை" என்றார்கள். இன்றுவரை டெல்லி பற்றி யார் கேட்டாலும் அத்தை சொல்வது அந்த ஜன்னலைப் பற்றித்தான்.

கோடை லீவுக்கு டெல்லி டிக்கெட் போட்டு, ரூமும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? இன்றைக்கே அந்த ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்கள். கார் வாசல் வரை வருமா என்று மட்டும் கேளுங்கள். இழுத்தால், கேன்சல் பண்ண இன்னும் நாள் இருக்கிறது.